கப்டனை ஏன் எழுப்பவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் தம்பி தேர்ட் ஒஃபிசராகக் கப்பல் ஏறி இரண்டு மாதம். நாலு மணித்தியாலப்படி நாளுக்கு இரண்டு தடவை, மொத்தம் எட்டு மணித்தியாலம்தான் வாச், அதாவது கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முறைவேலை, என்கிறான். ஆனால் தொலைபேசியில் எப்போதும் களைத்துப்போன குரல். போன கிழமை, இரவில் கப்டனை எழுப்பவில்லை என்று ஏச்சு வாங்கினானாம். மேலதிகாரியை நித்திரையால் எழுப்பாததற்கும் ஏசுவார்களா, இதற்குப் பின்னால் வேறு ஏதும் இருக்கிறதா, வேலை நிலைக்குமா என்று நெல்லியடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது தம்பி அங்கே என்ன செய்கிறான், அவன் தலையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வடமராட்சிக்காரன். கடெற்றாக ஏறி, தேர்ட், செக்கன்ட், சீஃப் ஒஃபிசர் என்று பதினாறு வருடம் கடலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவன். நிலக்கரி, தானியம் ஏற்றும் பல்க் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும்தான் எனக்குத் தெரியும். பயணிகள் கப்பலில் நான் இருந்ததில்லை, எஞ்சின் அறை என் பக்கமும் இல்லை. அவற்றைப் பற்றி அங்கே வேலை செய்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். எழுப்பாததற்கு ஏசுவார்கள். ஏசத்தான் வேண்டும். எழுப்பியதற்கு ஏசும் கப்டனைக் கண்டுதான் நீங்கள் பயப்படவேண்டும்.

ஏன் என்று விளங்க, வாச் என்பது என்ன என்று தெரியவேண்டும். கப்பல் இரவு பகலாக ஓடுகிறது. ஒரு நாளின் 24 மணித்தியாலத்தையும் மூன்று ஒஃபிசர்கள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு தேர்ட் ஒஃபிசருக்கு. பன்னிரண்டிலிருந்து நாலு, பகலிலும் நடுச்சாமத்திலும், செக்கன்ட் ஒஃபிசருக்கு. நாலிலிருந்து எட்டு, விடியப்புறமும் பின்னேரமும், சீஃப் ஒஃபிசருக்கு. நம்முடைய பழைய கணக்கில் ஒரு வாச் சரியாகப் பத்து நாழிகை. பாய்க்கப்பல் காலத்தில் அரை மணித்தியால மணற்கடிகாரத்தைத் திருப்பும்போதெல்லாம் ஒரு மணி கூட்டி அடிப்பார்கள். எட்டு மணி அடித்தால் ஒரு வாச் முடிந்தது. இப்போது யாரும் அப்படி அடிப்பதில்லை, ஆனால் மணி மட்டும் இன்னும் கப்பலில் தொங்குகிறது. பின்னேரம் நாலு முதல் எட்டு வரையுள்ள வாச்சை இரண்டாக உடைத்து, ஆட்களின் முறை நாளுக்கு நாள் மாறச் செய்யும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு நாய் வாச் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்பதற்குக் கப்பலுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் எதையும் உறுதியென்று சொல்லமாட்டேன்.

யாருக்கு எந்த நேரம் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, அது வழக்கம். ஆனால் காரணமுள்ள வழக்கம். விடியும் முன்னும் பொழுது பட்ட பின்னும் வரும் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் நட்சத்திரமும் அடிவானமும் ஒன்றாகத் தெரியும். செக்ஸ்டன்ற் என்னும் கோணம் அளக்கும் கருவியைப் பிடித்து நட்சத்திர உயரம் எடுத்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பது அப்போதுதான் முடியும். அதனால் அந்த இரண்டு நேரமும் அனுபவம் கூடிய சீஃப் ஒஃபிசருக்குப் போனது. தேர்ட் ஒஃபிசருக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிடைத்ததற்குச் சொல்லப்படும் காரணம், அந்த நேரங்களில் கப்டன் பெரும்பாலும் விழித்திருப்பார் என்பது. காலையில் பிரிட்ஜுக்கு, கப்பலை ஓட்டும் மேல் அறைக்கு, வந்து போவார். இரவு படுக்கும் முன் ஒருதடவை ஏறி வந்து, இருட்டுக்குக் கண் பழகும்வரை பேசாமல் நின்று பார்ப்பார். புதுப் பொடியனைத் தனியே விடக்கூடாது என்ற யோசனைதான் அது. உங்கள் தம்பிக்குக் கொடுத்திருப்பது, பக்கத்தில் ஆள் இருக்கும் நேரம். ஆனாலும் கப்டன் பத்தரைக்குப் படுத்துவிட்டால், பன்னிரண்டு மணிவரை அந்தக் கப்பலும் அதற்குள் நித்திரை கொள்ளும் இருபது சொச்சம் பேரும் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பிள்ளையின் கையில்தான்.

அந்த நாலு மணித்தியாலமும் என்ன செய்கிறான்? பார்க்கிறான். உள்ளதைச் சொன்னால் அதுதான் முதல் வேலை. மோதல் தவிர்ப்பு விதிகள் 1972 இல் உருவானவை. அவற்றில் ஐந்தாம் விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கிற எல்லா வழியாலும் எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறது. றேடார், மற்றக் கப்பல்களின் பெயரையும் போக்கையும் காட்டும் ஏஐஎஸ், எக்டிஸ் என்னும் மின் வரைபடம் எல்லாம் அந்த வழிகளில் அடங்கும். ஆனால் கண்தான் முதலில் சொல்லப்படுகிறது. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் திசைகாட்டியில் அது நிற்கும் திசையை எடுக்கிறான். சில நிமிடம் கழித்து மறுபடி எடுக்கிறான். திசை மாறிக்கொண்டு போனால் அந்தக் கப்பல் விலகிப்போகும். திசை மாறாமல், வெளிச்சம் மட்டும் கிட்ட வந்தால் இரண்டு கப்பலும் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இவ்வளவு கருவி வந்த பிறகும் இதை விட நம்பகமான பரிசோதனை ஒன்றை நான் காணவில்லை. குறுக்கே வரும் கப்பல் இவனுடைய கப்பலின் வலப் பக்கத்தில் இருந்தால் விலகிக் கொடுக்கவேண்டியது இவன். இரவில் அதன் சிவப்பு விளக்குத் தெரியும். நேரெதிரே வரும் இரண்டு கப்பல் ஒவ்வொன்றும் 14 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு 14 கடல் மைல், வேகத்தில் ஓடினால், இடையில் உள்ள 6 கடல் மைல் 13 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். சரக்கு நிறைந்த பெரிய கப்பலோ பிறேக் பிடித்தால் நிற்கிற பொருள் அல்ல. நிற்க ஒன்றிரண்டு கடல் மைல் போய்விடும். பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் இந்த நெரிசல் விளங்காது. பாக்கு நீரிணை ஆழமில்லாதது, பெரிய கப்பல் அதற்குள்ளே வராது. தீவின் தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே தெரு போலப் போக்குவரத்துக்குத் தனித்தனிப் பாதை பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இனி எழுப்புகிற கதை. நான் தேர்ட் ஒஃபிசராகி ஐந்தாம் கிழமை, கிழக்குச் சீனக் கடல், இரவு பத்து மணி கழிந்திருக்கும். முன்னால் அடிவானம் முழுக்க மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம், கோயில் திருவிழாப் பந்தல் மாதிரி. கப்டன் துறைமுகத்தில் ஒன்றரை நாள் சரியாகப் படுக்காமல் அப்போதுதான் போய்ச் சரிந்திருந்தார். பாவம், நித்திரை கொள்ளட்டும், நானே பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். பத்து வள்ளத்தைத் தாண்டினேன். பதினோராவதின் திசை மாறவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம், இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம் என்று நின்றுவிட்டு, கடைசியில் வலப்பக்கம் முழுச் சுக்கானும் கொடுக்கச் சொன்னேன். அரைக் கிலோமீற்றர் அளவு தூரத்தில் அந்த வள்ளம் கழிந்துபோனது. அதன் மேல்தட்டில் வலை இழுத்துக்கொண்டு நின்றவர்களை எண்ணிச் சொல்லும் அளவுக்குக் கிட்ட. கப்பல் சரிந்த சரிவில் கப்டன் விழித்து, வெறுங்காலோடு மேலே ஓடிவந்தார்.

அன்றிரவு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாச் முடியும்வரை பக்கத்தில் நின்றார். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, நடுக்கடல், ஒரு கப்பலும் இல்லை, என் அறைக்குத் தொலைபேசி எடு என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். எடுத்தேன். "கப்டன், தேர்ட் ஒஃபிசர் பேசுகிறேன், பிரிட்ஜுக்கு வாருங்கள்" என்று சொல்லு என்றார். சொன்னேன். வை, மறுபடி எடு என்றார். மூன்று தரம். கை பழகவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார் என்று பிறகுதான் விளங்கியது. இருட்டில், பயத்தில், அந்தத் தொலைபேசிக்குப் போகிற மூன்று அடி எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று அடி இன்னும் கொஞ்சம் தூரம். எங்கள் வீட்டில் ஐயா மத்தியானம் சாய்ந்தால் றேடியோவைக் குறைப்போம், கிணற்றடியில் வாளி சத்தம் போடக்கூடாது. படுத்திருக்கும் பெரியவரைக் குழப்புவது மரியாதைக் கேடு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நல்ல பழக்கம்தான். பிரிட்ஜில் மட்டும் அதைக் கழற்றி வைக்கவேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் போன என் அம்மாவின் பெரியப்பா சொல்லுவார், தண்டையல், அந்தக் காலத்துக் கப்டன், சுக்கான் பிடிப்பவருக்குப் பக்கத்தில்தான் பாய் விரிப்பார், காலால் தட்டினால் எழும்புகிற தூரத்தில் என்று. இப்போது நடுவில் ஒரு தட்டும் ஒரு கதவும் வந்துவிட்டன, தட்டுகிற கால் தொலைபேசியாகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்போது எழுப்பவேண்டும் என்பது தம்பியின் யோசனைக்கு விட்ட விஷயமும் அல்ல. மாலுமிகளின் பயிற்சி, வாச் பற்றிய 1978 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, எஸ்ரிசிடபிள்யூ என்று சொல்வோம், அதை ஒட்டிய விதிகளிலேயே பட்டியல் உண்டு. பனிமூட்டமோ மழையோ பார்வையை மறைத்தால், மற்றக் கப்பல்களின் போக்குக் கவலை தந்தால், தெரியவேண்டிய கரையோ வெளிச்சவீடோ சொன்ன நேரத்தில் தெரியாவிட்டால், தெரியக்கூடாதது தெரிந்தால், எஞ்சினோ சுக்கானோ பழுதானால், கடைசியாக, ஏதாவது சந்தேகம் வந்தால். இதற்கு மேல் ஒவ்வொரு கப்டனும் தன் நிலையான கட்டளைகளை எழுதி வைப்பார், எத்தனை மைலுக்குள் ஒரு கப்பல் வந்தால் தன்னை அழைக்கவேண்டும் என்று இலக்கத்தோடு. ஒவ்வோர் இரவும் இரவுக் கட்டளைப் புத்தகத்தில் அன்றைக்கு வேண்டியதை எழுதுவார். வாச் எடுக்கும் ஒவ்வொருவரும் வாசித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். உங்கள் தம்பியும் வைத்திருப்பான். ஆகவே ஏச்சு விழுந்தது பெரும்பாலும் கையெழுத்து வைத்த ஒன்றைச் செய்யாததற்காகத்தான் இருக்கும்.

அதோடு, கப்டன் வரும்வரை கைகட்டி நிற்கச் சொல்லும் விதியும் இல்லை. சுக்கானைத் திருப்ப, எஞ்சினைக் குறைக்க, ஊதுகுழல் அடிக்க, வாச்சில் நிற்பவனுக்கு முழு உரிமை உண்டு. எதிரே வருபவன் என்ன செய்யப் போகிறான் என்று விளங்காவிட்டால் குறைந்தது ஐந்து குறுகிய ஊதல், அதுவும் விதியில் உள்ளது. சந்தேகம் என்று உரக்கச் சொல்வதற்கே ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள்.

கப்டன் மேலே வந்துவிட்டால் பொறுப்பு முடிந்ததா? இல்லை, இதில்தான் பல இளம் ஒஃபிசர்கள் தடுமாறுகிறார்கள். நான் எடுக்கிறேன் என்று கப்டன் வாயால் சொல்லும்வரை கப்பல் வாச் ஒஃபிசரின் கையில்தான். சொன்ன பிறகும் பார்ப்பதும், கண்டதைச் சொல்வதும் அவன் வேலை. 2020 யூலை 25 அன்று மொரிஷியஸ் தீவின் பவளப்பாறையில் ஏறிய வக்காஷியோ என்ற பல்க் கப்பலை நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி சிக்னல் பிடிக்கவென்று கரையை அண்டிப் போன கப்பல் அது. ஏறக்குறைய 1,000 தொன் எண்ணெய் கடலில் கலந்தது. கப்டனுக்கும், இலங்கையரான சீஃப் ஒஃபிசருக்கும் அங்குள்ள நீதிமன்றம் 2021 டிசம்பரில் 20 மாதச் சிறை விதித்தது. இருவருக்கும் ஒரே தண்டனை. பக்கத்தில் பெரியவர் நின்றார் என்பது சின்னவரைக் காப்பாற்றவில்லை.

அடுத்தது களைப்பு. எட்டு மணித்தியாலம் என்று தம்பி சொல்வது வாச் மட்டும். கப்பலின் உயிர்காப்புச் சாமான், தீயணைப்புச் சாமான் எல்லாம் வழக்கமாகத் தேர்ட் ஒஃபிசரின் பொறுப்பு. உயிர்காப்புப் படகின் எஞ்சினைக் கிழமைக்கு ஒருதடவையாவது ஓட்டிப் பார்க்கவேண்டும். காற்றடைத்த தெப்பங்கள், அவை கப்பலோடு தாழ்ந்தால் தானே கழன்றுகொள்ளும் பொறி, மிதவைச் சட்டைகள், தீயணைப்புக் குப்பிகள், மூச்சுக் கருவிகள், சமிக்ஞை வாணங்களின் காலாவதித் திகதி, இவ்வளவையும் சுற்றிப் பார்த்து எழுதி வைக்கவேண்டும். துறைமுகத்தில் பரிசோதகர் ஏறினால் அநேகமாக முதலில் போய் நிற்பது அந்தப் படகடியில்தான். படகு எஞ்சின் ஸ்ராட் ஆகாவிட்டால் கப்பலையே மறித்து வைக்க முடியும். இந்த அலுவல் எல்லாம் காலை வாச் முடிந்து மத்தியானம் சாப்பிட்ட பிறகு, நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தில் நடக்கிறது. கப்பலைத் துறையில் கயிற்றால் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் நேரம் காலம் இல்லாமல் எல்லாரும் எழும்பவேண்டும். துறைமுகத்தில் பல கப்பல்களில் ஆறு மணித்தியாலம் வேலை, ஆறு மணித்தியாலம் ஓய்வு என்று செக்கன்ட் ஒஃபிசரும் தேர்ட் ஒஃபிசரும் மாறிமாறி நிற்பார்கள். சரக்கு ஏறுவதையும், கயிறு தளர்வதையும், ஏணியால் யார் வருகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். கிழக்கே போகும்போது மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவதால் ஓர் இரவில் ஒரு மணித்தியாலம் காணாமற்போகும். நான் இருந்த சில கப்பல்களில் அதை மூன்று வாச்சுக்கும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக் கழிப்போம். அப்படி நியாயமாகப் பிரிக்கும் கப்பல் நல்ல கப்பல் என்பது என் கணிப்பு.

ஓய்வுக்கு விதி உண்டு. எந்த 24 மணித்தியாலத்திலும் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு, அதில் ஒரு பகுதி ஒரே மூச்சில் 6 மணித்தியாலம், ஏழு நாளில் குறைந்தது 77 மணித்தியாலம். விதியில் இது சந்தேகமில்லாமல் இருக்கிறது. எல்லாக் கப்பலிலும் அப்படியே நடக்கிறதா என்றால், இல்லை. வேலை செய்த நேரத்தை ஓய்வு என்று எழுதிய தாள்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன், ஒன்றிரண்டில் என் கையெழுத்தும் இருந்தது. அது சின்னப் பொய் அல்ல. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்சன் வல்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் நள்ளிரவு கடந்த சில நிமிடத்தில் பாறையில் ஏறி, கிட்டத்தட்ட 37,000 தொன் எண்ணெய் கொட்டியது. அப்போது பிரிட்ஜில் நின்ற ஒஃபிசர் ஒருவர்தான், அவர் தேர்ட் ஒஃபிசர். வாச் பன்னிரண்டுக்கு முடிந்திருக்கவேண்டும், அடுத்தவர் களைத்திருக்கிறார் என்று எழுப்பாமல் தானே தொடர்ந்து நின்றார். கப்டன் பிரிட்ஜை விட்டுப் போயிருந்தார், அவர் குடித்திருந்ததும் விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் தேர்ட் ஒஃபிசரின் களைப்பும் வேலைச் சுமையும் காரணங்களில் ஒன்று என்று அமெரிக்க விசாரணைச் சபை எழுதி வைத்தது. அடுத்தவர் நித்திரை கொள்ளட்டும் என்ற அந்த நல்ல மனதை நான் நன்றாக அறிவேன். கிழக்குச் சீனக் கடலில் எனக்கும் அதே மனதுதான் இருந்தது.

அதனால்தான் வாச் மாற்றுவதிலும் கடுமையான ஒழுங்கு. அடுத்தவரை அரை மணித்தியாலம் முன்பே தொலைபேசியில் எழுப்புவார்கள். அவர் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னரே வந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை நிற்பார். போகும் திசை, வேகம், சுற்றியுள்ள கப்பல்கள், கப்டனின் கட்டளை எல்லாம் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லி, வாச் என்னிடம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மற்றவர் இறங்கலாம். ஒரு கப்பலுக்கு விலகிக்கொண்டிருக்கும் நடுவில் மாற்றக்கூடாது. வந்தவர் குடித்திருந்தாலோ நிற்க முடியாதபடி களைத்திருந்தாலோ கொடுக்கக்கூடாது. அப்போதும் கப்டனை எழுப்பவேண்டும்.

உங்கள் தம்பிக்கு விழுந்த ஏச்சு எப்படிப்பட்டது என்று இங்கிருந்து என்னால் தீர்க்க முடியாது. ஏன் எழுப்பவில்லை என்று கடுமையாகக் கேட்டிருந்தால் அது தொழில். இனத்தை, குடும்பத்தை இழுத்திருந்தால், கை நீட்டியிருந்தால், அது வேறு. அதற்குக் கப்பலிலேயே முறைப்பாட்டு வழி உண்டு, கரையில் கம்பனி சார்பாகப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கப்பலில் ஒட்டியிருக்கும். தம்பிக்கு அது தெரியும், தேவைப்பட்டால் பயப்படாமல் எடுக்கச் சொல்லுங்கள். வேலையைப் பொறுத்தவரை, இப்படி ஒரு ஏச்சுக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட தேர்ட் ஒஃபிசரை நான் கண்டதில்லை. இரண்டாம் தரமும் எழுப்பாமல் விட்டவரை அனுப்பியதைக் கண்டிருக்கிறேன். அடுத்த தடவை கதைக்கும்போது, அதற்குப் பிறகு கப்டனை எத்தனை தரம் எழுப்பினாய் என்று கேளுங்கள். இரண்டு மூன்று தரம் என்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

கடைசியாக, எந்த நேரம் எடுத்தாலும் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால் அவன் இரவு வாச் முடிவது எங்கள் ஒன்பதரைக்கு. லொக்புக் என்னும் கப்பல் நாட்குறிப்பு எழுதி, கப்பலைச் சுற்றிப் பார்த்து, ஏதும் சாப்பிட்டு வரப் பத்து மணியாகும். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்த ஆறு மணித்தியால நித்திரை. அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம் போனால் குளிர்காலத்தில் அவனுடைய நள்ளிரவு எங்கள் காலை பத்தரை. நேரம் மாறிக்கொண்டே இருக்கும், உங்களால் பின்தொடர முடியாது. செய்தி அனுப்பி வையுங்கள், காலை வாச் முடிந்து மத்தியானம் சாப்பிடும்போது அவன் பார்த்துவிட்டு எடுக்கட்டும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை, அவனுடைய எட்டு முதல் பன்னிரண்டு, அவனுடைய கைத்தொலைபேசி அவன் அறையில்தான் கிடக்கவேண்டும் என்று.